ஊர்க்காரர்

கோகுலம் நகர்,
துடியலூர் வழி,
20-3-94

அன்புள்ள பங்காருவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் பிரவீனாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

காலனியில் விசேஷம் ஒன்றும் இல்லை. அதுதானே உனக்குக் குறை. பன்னிரண்டு வீடு, மீதியெல்லாம் சைட்டுக் கல். நமக்கு இடத்தை விற்ற தோட்டத்துக்காரர் தம்பிதுரையின் எருமைகள் இன்னும் அந்தக் கல்லுக்கு நடுவேதான் மேய்கின்றன. விற்றுவிட்டோம் என்று அவரும் நினைப்பதில்லை, வாங்கிவிட்டோம் என்று நாங்களும் கேட்பதில்லை.

ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஊரை ஒட்டிய தோட்டத்தில், வெங்காயம் பிடுங்குகிறார்கள். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டால் அந்த வாசம்தான். மலை கறுத்து மறைகிறவரை ஒரு சத்தம் கிடையாது. முப்பது வருஷம் மில்லில் மிஷின் சத்தத்தில் நின்ற காது இது. இதற்காகத்தானே இந்த இடத்தை வாங்கினேன்.

மூன்று மாதம் என்று போனாய், ஆறு ஆகப் போகிறது. பக்கத்து வீட்டு மெர்சி நர்ஸ் டூட்டி முடிந்து வரும்போதெல்லாம், "அக்கா எப்ப வாராங்க?" என்று கேட்கிறாள். உன் கறிவேப்பிலைச் செடியும் வாடித்தான் நிற்கிறது. சித்திரையில் ஊருக்குள் மாரியம்மன் நோம்பி, பங்குனிக் கடைசியிலேயே பறையடித்துத் திருவிழாவைச் சாட்டிவிடுவார்கள். அதற்குள் வந்துவிடுவாய் என்று மெர்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
வெங்கடபதி


தானே, பம்பாய்,
29-3-94

வீட்டுக்காரருக்குப் பங்காரம்மா எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. மெர்சி என்னைத் தேடுகிறாள், கறிவேப்பிலை தேடுகிறது. அந்த வீட்டில் வேறு யாரும் தேடவில்லை போலிருக்கிறது. சந்தோஷம்.

இங்கே ஒரே கட்டடத்தில் அறுபது குடும்பம். விடியற்காலை தண்ணீர் வந்துவிட்டால் மாடிக்கு மாடி கூப்பாடுதான். கீழ் வீட்டுப் பாலக்காட்டு அம்மாள் அவியல் கொடுத்தனுப்புகிறாள். ஜன்னலை ஒட்டி ரயில் போகிறது. பிரவீனா தூக்கம் கெடுகிறது என்று புலம்புகிறாள், எனக்கோ அடித்துப் போட்டதுபோல் தூக்கம். மில் குவார்ட்டர்ஸில் இருந்த மாதிரியே இருக்கிறது. அங்கே சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சோறு வடித்தோம். அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால் நம் வீட்டில் தும்முவோம். அந்த நாளையெல்லாம் நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. உங்கள் காலனியில் நான் வழுக்கி விழுந்தால் மயில்தான் வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஜன்னலைத் திறந்ததும் கண் தானாக மலையைத் தேடுகிறது.

பிரவீனா ஆபீஸ் போனால் குழந்தைக்கு நான்தான். எனக்கும் அடிவயிற்றில் கொஞ்ச நாளாக வலி. டாக்டரிடம் காட்டலாம் என்கிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பங்காரம்மா


கோகுலம் நகர்,
13-4-94

அன்புள்ள பங்காருவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

நேற்று நோம்பி சாட்டினார்கள். பறை அடிப்பவருடன் தம்பிதுரையும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் பள்ளத்தைத் தாண்டி நம் காலனிக்கே வந்துவிட்டார்கள். இதுவரை இப்படி வந்ததே இல்லை. நம் கேட்டில் நின்று, "சாட்டியாச்சுங்க. பதினஞ்சாம் நாள் மஞ்சத்தண்ணி முடியற வரைக்கும் ஊர்க்காரங்க யாரும் எல்லை தாண்டி ராத்தங்கப்படாதுங்க. நீங்களும் இப்ப ஊர்தானுங்களே," என்றார் தம்பிதுரை.

ஊர்தானுங்களே என்றார், பங்காரு. என் அப்பாவுக்கும் மில் குவார்ட்டர்ஸ்தான், எனக்கும் மில் குவார்ட்டர்ஸ்தான். ரிட்டையர் ஆன மறு மாதமே சாவியைக் கேட்டார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் மில்லின் பெயரைத்தானே சொல்லிவந்தோம். அறுபது வயதில் எனக்கு ஒரு ஊர் கிடைத்திருக்கிறது.

மில் சிநேகிதர் வேங்கடசாமி மகள் கல்யாணம் அடுத்த வாரம் சேலத்தில். வர முடியாது, எங்கள் ஊரில் நோம்பி என்று எழுதிப் போட்டுவிட்டேன். எங்கள் ஊரில் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

வயிற்று வலியை அலட்சியம் செய்யாதே. மோர் நிறையக் குடி.

அன்புடன்,
வெங்கடபதி


தானே,
19-4-94

வீட்டுக்காரருக்கு,

உங்களுக்குச் சந்தோஷம் என்றால் எனக்கும்தான். படித்துவிட்டுப் பிரவீனாவிடமும் காட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மெர்சி வீட்டுக்காரர் பிரான்சிஸுக்குச் சொன்னார்களா? அவருடைய அம்மா தம்பிதுரை தோட்டத்திலேயே களை எடுத்தவர். அவர் பிறந்தது பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான். நேற்று வந்த நாம் ஊர் என்றால் அவர் யார்?

கொஞ்ச நாள் கடிதம் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். இங்கே வேலை சரியாக இருக்கிறது. மோர் குடிக்கிறேன்.

பங்காரம்மா


கோகுலம் நகர்,
28-4-94

அன்புள்ள பங்காருவுக்கு,

நேற்றோடு நோம்பி முடிந்தது. தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விடுவேன். கோயில் வாசலில் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களோடு ஒருநாள் என்னையும் இழுத்து விட்டுவிட்டார்கள். கால் ஓரிடம் போனது, கை ஓரிடம் போனது. மெர்சி பார்த்துவிட்டு, "அக்கா கிட்டச் சொல்லட்டுங்களா?" என்றாள். தம்பிதுரையின் மருமகள் என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன், நீ பார்க்க வேண்டும் என்று.

பிரான்சிஸிடம் நீ கேட்டதைக் கேட்டேன். "எங்களுக்கு யாருங்க சார் சொல்லுவாங்க? சொல்லாமயே நாங்க இங்கதானுங்களே இருக்கறோம்," என்று சிரித்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு உன் கடிதத்தையே காணோம். குழந்தை படுத்துகிறதா?

அன்புடன்,
வெங்கடபதி


தானே,
6-5-94

வீட்டுக்காரருக்கு,

பிரவீனா எழுதித் தருகிறேன் என்றாள். நான்தான் எழுதுவேன் என்று வாங்கிக்கொண்டேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

22ஆம் தேதி எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே கட்டி. சோதனைக்கு அனுப்பிப் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மெதுவாக நடக்கிறேன்.

தந்தி கொடுக்கலாம் என்று மாப்பிள்ளை கிளம்பினார். நான்தான் வேண்டாம் என்றேன். உங்கள் கடிதம் அதற்கு முன்னால்தான் வந்திருந்தது. ஊர் கிடைத்தது, எல்லை தாண்டக் கூடாது, சேலத்துக்கே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தந்தி கொடுத்தால் நீங்கள் வருவீர்களா, நோம்பி முடிந்து வருகிறேன் என்று பதில் வருமா? அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது. தெரியாமலே இருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கீழ் வீட்டு அம்மாள் துணைக்கு வந்தாள். அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டு போனேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

பங்காரம்மா


கோகுலம் நகர்,
12-5-94

பங்காரு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பிதுரை தோட்டத்துக்குத்தான் போனேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. அவரை விட்டால் கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் கட்டுப்பாட்டால் என் மனைவி என்னைக் கூப்பிடக்கூட இல்லை என்றேன்.

அவர் பதறிவிட்டார். "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே வண்டி புடிச்சு ஏத்தி உட்டிருப்பமுங்களே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆத்தா கோவிச்சுக்குவாளுங்களா? எம்பட பையன் சரவணனே சாட்டுனதுக்கப்பறம் ரெண்டு ராத்திரி திருப்பூர்ல கம்பெனியிலதானுங்க படுத்துக் கெடந்தான். புதுசா வந்த நீங்கதானுங்க இத்தனை கறாரா இருந்துபோட்டீங்க," என்றார்.

திரும்பி வரும்போது பள்ளத்துப் பாலத்தில் உட்கார்ந்து அழுதேன். பிரான்சிஸ் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அவரே என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

அடுத்த வாரம்தான் டிக்கெட் கிடைத்தது, சனிக்கிழமை பம்பாய் போகும் குர்லா வண்டியில் கிளம்புகிறேன். சாவி மெர்சியிடம் இருக்கும். இந்த வீட்டை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா, நீ சொல்கிறபடி. தானேயிலேயே இரு என்றாலும் இருக்கிறேன். ரயில் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது, வராவிட்டால் போகட்டும்.

நீ பயந்ததை எழுதியிருக்கிறாய். என் பயத்தையும் எழுதிவிடுகிறேன். தந்தி வந்திருந்தால் அடுத்த வண்டியிலேயே ஏறியிருப்பேன் என்று இந்தக் கடிதத்தை இரண்டு முறை ஆரம்பித்தேன், இரண்டையும் கிழித்துப் போட்டேன். பங்காரு, ஏறியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. கம்பத்தைச் சுற்றி ஆடிய அந்த மனிதன் என்ன செய்திருப்பான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவனும் நானும் சேர்ந்துதான் வருகிறோம். கதவைத் திறக்க உனக்கு நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள், நான் வெளியிலேயே நிற்கிறேன்.

வெங்கடபதி