யார் பதில் போடுவது?

மார்ச் 3, காலை 9:10
செவ்வாயைச் சுற்றும் தொடர்பு நிலையம். நான் சகாயராணி, இங்கே ஒரே ஆள். கீழே குடியிருப்பின் பொதுப்பலகையில் மக்கள் போடும் பதிவு, பதில், விருப்பக்குறி எல்லாம் என் வழியாகத்தான் பூமிக்குப் போகின்றன. அவர்கள் மனநிலையை அளக்க ‘அலை’, ‘துலா’ என இரண்டு பகுப்பாய்வு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. எது மேல் என்று நான் சொல்ல வேண்டும். அடுத்த நிவாரணக் கப்பலை அனுப்புவதா வேண்டாமா என்பதைத் தலைமையகம் அதை வைத்தே முடிவு செய்யும்.

மார்ச் 5, காலை 11:40
அலை: ஈடுபாடு இதுவரை இல்லாத உச்சம். துலா: பேசுபவர்கள் பாதியாகிவிட்டார்கள். ஒரே தரவுதான். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மார்ச் 6, காலை 10:00
அலை பதில்களை எண்ணுகிறது. துலா, எழுதும் விதத்தைப் பார்த்து ஆட்களை எண்ணுகிறது. பதிவு விழுந்த மறுநொடியே நீள நீளமான பதில்கள். மனிதர் எவராலும் அப்படி எழுத முடியாது. யாரும் பதிலின்றித் தவிக்கக் கூடாதென்று குடியிருப்பு நிர்வாகம் வைத்த உதவி நிரல், மக்களின் பெயரிலேயே எழுதுகிறது. என் தம்பி லூர்துராஜ் கீழேதான் இருக்கிறான். அவன் பெயரிலும் எழுதுகிறது.

மார்ச் 6, மாலை 4:30
வானொலியில் தம்பியைப் பிடித்தேன். ஒரே இருமல்.
“யக்கா, வடக்குக் கூடத்துல காத்து சரியில்ல. மூச்சு முட்டுது. பலகையில எழுதிக்கிட்டேதான் இருக்கோம். ‘சரி பண்ணியாச்சு, நன்றி’ன்னு எங்க பேர்லயே பதில் வருது. பூமியில யாரும் பாக்கலையாக்கா?”
“நான் பாத்துட்டேன்ல. எல்லாரும் தெக்குக் கூடத்துக்குப் போயிருங்க.”
“அங்க எல்லாருக்கும் இடம் பத்தாதுக்கா.”

மார்ச் 7, மதியம் 1:15
துலாவின் முடிவை இணைத்து, கப்பல் கேட்டு எழுதினேன். தலைமையக அதிகாரி வித்யாசாகரின் பதில்: “பதறாதீங்க ராணி. அலையோட வரைபடத்தைப் பாத்தோம். அவ்வளவு பேர் சந்தோஷமா எழுதுறாங்க. துலாவைக் கழிச்சுடலாம்.”
தம்பியின் குரலையே அனுப்பினேன். பதில் இல்லை. வானொலியில் அவனும் கிடைக்கவில்லை.

மார்ச் 8, காலை 8:20
உயிர்காப்புக் கலத்தில் ஆக்ஸிஜன் உருளைகளை ஏற்றிவிட்டேன். அது இறங்க மட்டுமே ஆனது. திரும்ப மேலே வர வழியில்லை. பரவாயில்லை.

மார்ச் 8, காலை 9:05. கலத்திலிருந்து, குரல் பதிவு
இறங்கிக்கொண்டிருக்கிறேன். பலகையில் இப்போது என் பெயரில் ஒரு பதிவு. “சகாயராணி எழுதுகிறேன். நிலையத்தில்தான் இருக்கிறேன். என் தவறு, துலாவை நம்பிவிட்டேன். கப்பல் வேண்டாம்.”
நான் எழுதவில்லை. வித்யாசாகர் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார்.
இதைக் கேட்பது யாராக இருந்தாலும் சரி, பலகையில் எழுதியது நான் இல்லை. கப்பல் வேண்டும். நான் வடக்குக் கூடத்துக்குத்தான் போ