இந்த மழைக்கு ஒரே ஒரு கன்று

மதினி,

இன்று காலை துறைமுகத்துப் பங்களாவில் தோட்டக்கார அண்ணாச்சி ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கன்று. கொழும்பிலிருந்து கப்பலில் வந்ததாம். "மதிலோரமா நட்டுரு" என்றார். நான் டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "இது என்ன மரம் அண்ணாச்சி? வேர் எம்புட்டு தூரம் ஓடும்? காயை எது தின்னும்?"

"ஏளா, தண்ணி ஊத்த வந்தவ போலீஸ்காரன் மாதிரில்லா விசாரிக்கா!" என்று சிரித்தார். அவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விகள் என்னுடையவை இல்லை, உங்களுடையவை என்பதும் அவருக்குத் தெரியாது.

நினைவிருக்கிறதா மதினி, உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. அண்ணன் கொழும்புத் தோணியில் போயிருந்தான். மாப்பிள்ளையூரணித் தோட்டத்தில் நீங்களும் முருங்கையும் கிணறும்தான். அந்தப் பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். தெருவே குடத்தோடு வரும். ஆடுகள் முருங்கைக் கன்றைக் கடிக்கின்றன என்று நீங்கள் சொன்னதும், பங்களா வேலியிலிருந்து சீமை உடை, அதுதான் சீமைக் கருவேல விதையை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்தேன். தண்ணீர் கேட்காது, வேகமாக வளரும், முள்ளும் உண்டு. எனக்கு ஒரே பெருமை.

"இது எங்கன வரைக்கும் போகும்னு யார்ட்டயாவது கேட்டியா?"

"சீமையில இருந்து வந்தது மதினி. கேக்கதுக்கு என்ன இருக்கு?"

"சீமைத்துரைய உள்ள விட்டுட்டு இப்ப போகச் சொல்ல முடியுதா ஏளா?"

சிரித்தீர்கள். ஆனாலும் என் முகம் வாடக் கூடாதென்று நட விட்டீர்கள்.

வேலி வளர்ந்தது, காய்த்தது. பழுத்த காய் வெல்லம்போல மணக்கும். அந்தக் கோடையில், முருங்கை ஆட்டுக்கு எட்டாத உயரம் போய்விட்டதால், உரமாகட்டும் என்று ஆட்டுக்கிடை போட்டோம். ஆடுகள் வேலியடியில் அந்தக் காயைத் தின்றுவிட்டு, நம் தோட்டத்துக்குள்ளேயே அடைந்து புழுக்கை போட்டன. ஐப்பசி மழை விழுந்ததும் கீரைப் பாத்திபோலத் தரையெல்லாம் பச்சை. குனிந்து பார்த்தால் அத்தனையும் சீமை உடை. கிணற்றுக் கல்லிடுக்கிலும் நாலு நின்றன. இத்தனையும் வளர்ந்து வேர் விட்டால் கிணற்றில் என்ன மிஞ்சும்?

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கிணற்றைக் கெடுத்துவிட்டேன் என்று அரற்றினேன்.

"நீ நட்டே, நான் கிடை போட்டு விதைச்சேன். ரெண்டு பேரும்தான் பிடுங்கணும். கண்ணீரும் உப்புத்தான், இந்தக் கிணத்துக்கு ஆகாது. எந்திரி ஏளா."

மண் காய்வதற்குள் பிடுங்கினோம். ஒடித்தால் மறுபடியும் தழைக்கும் என்று களைக்கொத்தால் தோண்டி வேரோடு எடுத்தோம். முள் கீறிய கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போனோம். நான் நட்ட வேலியையும் தூரோடு பெயர்த்துவிட்டு, வேலிக்குக் கிளுவைக் கம்பு ஊன்றினோம். "இனி எதை நட்டாலும் முதல்ல விசாரி. தெரியலன்னா அது சட்டியிலயே கெடக்கட்டும்" என்றீர்கள்.

அடுத்த மழைக்கும் கூடை கூடையாக முளைத்தது. அதற்கடுத்த மழைக்குக் கொஞ்சம் குறைந்தது. இந்த மழைக்கு நீங்கள் இல்லை. சித்திரையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. உங்கள் கொத்தை எடுத்துக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன்.

கிளுவை தழைத்து நிற்கிறது. தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒரு கை அள்ளிக் குடித்தேன், தண்ணீர் அதே ருசி. ஒவ்வொரு முருங்கை மூட்டிலும் குனிந்து தேடினேன். ஒரே ஒரு கன்றுதான் மதினி. தோட்டம் முழுக்க ஒன்றே ஒன்று. அவசரப்படாமல் தோண்டினேன். வேர் நுனி அறாமல் முழுசாக வந்தது.

அந்த பிஸ்கட் டின் இப்போது பங்களாத் துவைகல் மேல் இருக்கிறது. அண்ணன் தோணி வரட்டும், கொழும்பில் இந்த மரம் என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை தரையில் நட மாட்டேன்.

மூணாங்கிளாஸ் படித்தவள், எழுத்துக்கூட்டி எழுத ஒரு ராத்தல் வியர்வை போகிறது. இருந்தாலும் அந்த முழு வேரைக் கையில் பிடித்தபோது உங்களிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் எழுதினேன்.