ஆம் என்ற வாசல்

லிண்டன்ராய்ட், மேற்கு ஜெர்மனி
மார்ச் 1974

அன்பு மகன் எக்கார்ட்டுக்கு,

அம்மா எழுதுவது. கனடாவில் இன்னும் பனி விலகவில்லை என்று எழுதியிருந்தாய், கம்பளிச் சட்டையை அவசரப்பட்டுக் கழற்றிவிடாதே. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கெர்லிண்டா எழுதுகிறாள்.

நம் ஊரைப் பக்கத்து ஹார்ட்பாக் நகரத்தோடு சேர்க்கும் சட்டம் மாநில சட்டசபைக்கு வந்தது. இனி நமக்கென்று மேயர் கிடையாது, தீயணைப்புப் படை கிடையாது. அந்தச் சபையில் உறுப்பினராக இருக்கிற அப்பா எதிர்ப்பார் என்றுதான் ஊரே நம்பியது. அவரோ, இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன ஆவார்கள், சேருவதுதான் நல்லது என்று என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டார். ஊரில் சொல்லத்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அதற்குள் கட்சித் தலைவர் ஸ்டெக்மான் போன் செய்து, ஆதரித்தால் அடுத்த தேர்தலிலும் உனக்கு இடம் உண்டு, இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்துகொள் என்றாராம். அந்தப் போன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மனசாரச் சொல்ல இருந்த ஆம் என்ற வார்த்தைக்கு ஒரு விலை வந்துவிட்டதே என்று அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வாக்கெடுப்பன்று நானும் கெர்லிண்டாவும் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தோம். கை தூக்கியதில் முடிவு தெரியவில்லை. உறுப்பினர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பி, ஆம் என்பவர்கள் ஒரு வாசல், இல்லை என்பவர்கள் ஒரு வாசல் என்று திரும்ப உள்ளே வரச்சொல்லி எண்ணினார்கள். எல்லாரும் வந்தாயிற்று, அப்பாவைக் காணோம். கடைசி ஆளாக ஆம் வாசலில் வந்தார், மேலே பார்க்கவே இல்லை. சட்டம் நிறைவேறியது.

அன்று மாலையே ஊர் திரும்பி நேராக நம் மதுக்கடைக்குப் போனார், நான் பின்னாலேயே போனேன். வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் ரொட்டிக்கடை வெண்டலின் தன் நாயை உட்காரவைத்திருந்தான். வாங்க பெரிய மனுஷரே, ஊரை வித்து பதவிய வாங்கிட்டீங்களா, எங்க நாய்க்கும் ஏதாவது ஒரு பதவி வாங்கிக் கொடுங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு, அடுத்த தடவ நான் நிக்கலப்பா, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே ஸ்டெக்மான்கிட்ட சொல்லிட்டேன், நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டேன், உங்ககிட்ட மொதல்லயே சொல்லாததுதான் தப்பு, தினமும் வரேன், தினமும் திட்டுங்க என்றார். நாயை யாரும் இறக்கவில்லை. நின்றபடியே பீரைக் குடித்துவிட்டு வந்தார், வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நீ பாராட்டியும் எழுதாதே, ஆறுதலும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் பிறந்தநாள், மறக்காமல் போன் செய், சட்டசபைப் பேச்சை மட்டும் எடுக்காதே. கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். இதோ, இன்றைக்கும் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் கிளம்பிவிட்டார்.

உன் அம்மா
ஹெட்விக்