பென்சில் பதில்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள மலர்,

நலமா? பிள்ளைகள் சுகமா? நீ கேட்ட, வியாபாரப் போட்டியைச் சமாளிப்பது பற்றிய புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். நாலு மாதம் உட்கார்ந்து படித்தேன்டி. ஒரு சேலைக் கடை நடத்த இவ்வளவு யோசிக்கணுமா என்று தலை சுற்றிவிட்டது! ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள் இருக்கும். என் கடையை நினைத்துப் பென்சிலில் பதில் எழுதியிருக்கிறேன். அழிக்கச் சோம்பல். நீதானே படிக்கப்போகிறாய், சிரித்துக்கொள்.

வீட்டிலிருந்து சேலை விற்றது போதும். கிள்ளானில் ஒரு கடை போடு. திறப்பு விழாவுக்கு நான்தான் முதல் ஆள்.

உன் ஷிரீன்

கிள்ளான்
9 ஜூன் 2025

ஷிரீன் செல்லம்,

பாடத்தைவிட உன் பென்சில் எழுத்துதான் எனக்குப் புரிகிறது. ‘உங்களை முடக்க, போட்டியாளர் எதைப் பறிக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு, ‘தையல்காரர் தம்புசாமி அண்ணனை. மூன்றே நாளில் பிளவுஸ் கிடைப்பதால்தான் என்னிடம் சேலை வாங்குகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, கெட்டிக்காரி! புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். கோபிக்காதே லா.

உன் மலர்

பிரிக்ஃபீல்ட்ஸ்
16 செப்டம்பர் 2025

மலர்,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடைக்கு எதிர் வரிசையில் புதுச் சேலைக் கடை நேற்றுத் திறந்தது. யாரென்று எட்டிப் பார்த்தால் கல்லாவில் நீ! தையல் மெஷினில் தம்புசாமி அண்ணன். போன வாரம்தான், “உடம்பு முடியலம்மா, வேலைய நிறுத்திக்கிறேன்” என்றார். நம்பிப் பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். உன் வாசலில் ‘இரண்டே நாளில் பிளவுஸ்’ என்று பேனர் தொங்குகிறது.

தீபாவளிக்கு ஐந்து வாரம். அந்த வியாபாரம் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான். உனக்குத் தெரியாதா? செந்தூல் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமேடி! புத்தகத்தைத் திருப்பி அனுப்பு.

ஷிரீன்

பிரிக்ஃபீல்ட்ஸ்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள ஷிரீன்,

புத்தகம் இத்துடன். கிள்ளானில் கடைக்குக் கடை சேலைதான், என்னிடம் யார் வருவார்கள்? நான் வராவிட்டால் வேறு யாராவது உனக்கு எதிரே வந்திருப்பார்கள். வியாபாரம் வேறு, நம் பழக்கம் வேறு. தீபாவளிக்கு எப்போதும்போல வீட்டுக்கு வா. உனக்கென்று அதிரசம் எடுத்து வைப்பேன்.

உன் மலர்

பிரிக்ஃபீல்ட்ஸ்
25 செப்டம்பர் 2025

மலர்,

புத்தகம் வந்தது. என் பதில்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போட்டிருக்கிறாய். தம்புசாமி அண்ணனுக்கு ஒன்று. ‘எதிரிலேயே கடை வந்தால் தாங்கமாட்டேன்’ என்று எழுதியதற்கு ஒன்று.

கடைசிப் பாடத்தை மட்டும் நீ படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே புரட்டினேன். ‘யாரோடு ஒருபோதும் போட்டி போடமாட்டீர்கள்?’ என்று அதில் கேள்வி. ‘மலரோடு. அவள் என்ன செய்தாலும் எனக்கு எதிர்த்து நிற்க மனசு வராது’ என்று எழுதியிருந்தேன்.

அதற்கும் டிக் போட்டிருக்கிறாய்.

அந்த ஒரு பதிலை இன்று அழித்துவிட்டேன்.

ஷிரீன்