அம்மாவுக்கு இரண்டு வைத்தியங்கள்

தாயில்பட்டி,
5.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சியின் காரியம் முடிந்து நீங்கள் நாக்பூர் குடோனுக்குப் போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சித்தியும் நானும் மதுரைக்கு, மனநல டாக்டரிடம் அழைத்துப்போனோம். அம்மா வேலை பார்த்த பட்டாசு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாதல்லவா? டாக்டர் அறையில் ஐந்தாவதாக நர்ஸ் நுழைந்ததும் அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள்.

டாக்டர் இரண்டு வழிகள் சொன்னார். மயக்க ஊசி போட்டுத் தலையில் லேசாகக் கரண்டு வைப்பது ஒன்று. சில நினைவுகள் அழியலாம், எவை என்று சொல்ல முடியாதாம். மற்றது, டாக்டரின் விரலைக் கண்ணால் தொடர்ந்தபடியே, கம்பெனி வெடித்த நாளை முழுதாகச் சொல்வது. நூலகத்தில் தேடிப் படித்தேன். மூளையின் படம்தான் புரிந்தது.

“கரண்டு வச்சா சின்னவ மொகமும் மறந்துருமா? நீதான படிச்ச புள்ள, சொல்லுத்தா,” என்றாள் அம்மா.

“கரண்டே வச்சிருவோம்மா,” என்றேன்.

முழுதாகச் சொன்னால், சின்னவள் ஏன் அங்கே வந்தாள் என்பதும் வரும். அன்று தூக்குவாளியில் சோறு கொண்டுபோக வேண்டியவள் நான். கதைப்புத்தகம் முடியவில்லை என்று அவளை அனுப்பினேன். அம்மாவுக்கு அது தெரியும். இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து வேண்டுமாம். எதற்குப் போடுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், அப்பா.

உங்கள் பெரிய மகள்