மாமாவுக்கு வைத்த கஞ்சி

மாமா,

மகள் மேசையில் திறந்தபடி விட்டுப்போன மனையியல் புத்தகத்தில் 'அத்தியாவசிய அமினோ அமிலங்கள்' என்று ஒரு தலைப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்கவிட்டு வந்தவன் நான். இருந்தும் அந்த ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம். படிப்பித்தது நீங்கள்தான்.

இரண்டு வயதில் அவளுக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் பொரிந்து சின்னமுத்து வந்தது. அது மாறிய பிறகும் நீங்கள் பத்தியத்தை விடவில்லை. மீன் சூடு, முட்டை கிரந்தி, பருப்பு வாய்வு. மூன்று மாதம் வெறும் அரிசிக் கஞ்சி. "வெள்ளைக்காரன்ர கந்தோரில கிளாக்கரா இருந்தவன் நான், எனக்குத் தெரியாதோ?" என்றீர்கள். துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் வின்ச் இழுக்கிறவனுக்குக் கந்தோர்க்காரர் முன்னால் வாய் ஏது? ஊட்டினேன். பக்கத்தில் கதிரை போட்டு நீங்கள் சுறா வறையோடு சோறு சாப்பிட்டீர்கள். உங்கள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே அவள் கஞ்சியை விழுங்கினாள்.

பிறகு அவள் கன்னம் உப்பியது, கால் திரண்டது. "பாத்தியளோ மருமகன், என்ர கஞ்சி பிடிச்சிட்டுது!" நானும் அவளைத் தோளில் தூக்கிக் கடற்கரைத் தெரு முழுக்கக் காட்டித் திரிந்தேன். முட்டாளின் ஊர்வலம்.

ஒரு நாள் காலையில் அவள் எழும்பவேயில்லை. ஆஸ்பத்திரியில் தாதி அவள் பாதத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"இது சதையில்லை, நீர். மீன், பருப்பு ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"இல்லை மிஸ்ஸி, பத்தியம்."

"ஆர் வைச்ச பத்தியம்? உடம்பைக் கட்டுற சாமானில சிலதை உடம்பு தானாச் செய்யாது, ஐயா. வாயாலதான் போகவேணும். சோத்தில குறையிறது பருப்பில கிடக்கு, பருப்பில குறையிறது சோத்தில கிடக்கு. ஒண்டு குறைஞ்சாலும் மற்றதுகள் சும்மாதான் நிக்கும்."

உடனே விளங்கியது. வின்ச்காரன் வராவிட்டால் கப்பலடியில் ஏழு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார்கள். வராதவன் பலமுறை நான்தான்.

ஆறு கிழமை அங்கே கிடந்து பிழைத்தாள். நீங்களோ சாகும்வரை "கண்ணூறு" என்றே சாதித்தீர்கள்.

அதனால்தான் ஒவ்வொரு வருசமும் உங்கள் திவசப் படையலில் சுறா வறைக்குப் பதில் உப்பில்லாத கஞ்சி. "அப்பாவுக்கு ஒரு துண்டு மீன் வையுங்கோவன்" என்று உங்கள் மகள் கெஞ்சுவாள். "அவர் வைச்ச பத்தியம்தானே" என்பேன். இனசனம் முகம் சுளிக்கும். எனக்கு அன்றைக்குத்தான் நன்றாகப் பசிக்கும்.

போன கிழமைப் படையலில் என் மகள் தன் கோப்பையிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து உங்கள் இலையில் வைத்தாள். "வெறுங் கஞ்சி குடிச்சா அம்மப்பாவுக்குக் கால் வீங்குமெல்லோ, அப்பா!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து அவள் கோப்பையில் திரும்பப் போட்டேன்.

அவள் உங்களை மன்னிக்கலாம். அந்தப் பசி அவளுக்கு நினைவில்லை. நான் உங்களை மன்னித்தால், ஊட்டிய இந்தக் கையையும் மன்னிக்க வேண்டிவரும். அதற்கு எனக்கு இன்னும் மனமில்லை, மாமா.