தடிமன் என்று சொன்ன கால் முறிவு

ஸ்காபரோ,
யூன் 22.

அன்புள்ள மகள் கஜனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிப்பதுதான் அடுத்த வரியாக வரவேண்டும், ஆனால் அதை இந்த ஊரில் எல்லோரும் எனக்கு முன்னரே விசாரித்து, பதிலும் அறிந்து, தங்களுக்குள் கவலைப்பட்டும் முடித்துவிட்டார்கள், ஆகையால் நான் கேட்கவில்லை. நீ போன மாதம் அங்கே ஜேர்மனியில் அருவி பார்க்கப் போய் வழுக்கி விழுந்ததும், உன்னை மலையிலிருந்து ஹெலிகொப்டரில் தூக்கியதும், உன் இடது கணுக்காலில் தட்டு வைத்துத் திருகாணி பூட்டியிருப்பதும் இப்போது எனக்கும் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதை நீ அறியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய்.

போன கிழமை காருக்கு ஒயில் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது சச்சிதானந்தன் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் உன் அனோஜா சித்தியின் புருஷனோடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவர், எங்களுக்குச் சொந்தமும் இல்லை, நெருங்கிய பழக்கமும் இல்லை. அந்த மனிதர் என் தோளில் கைவைத்து, "பிள்ளையின்ர கால் இப்ப எப்பிடி அண்ணை, பிளேட் வைச்சதாமே" என்று கேட்டார். நான் என்ன சொல்வது? பெற்ற பிள்ளையின் கால் உடைந்தது தெரியாது என்று சொல்வதா? பரவாயில்லை என்றேன். பிறகு தெரிந்தவனைப் போலவே நடித்து ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பிடுங்கினேன். வலது காலை ஊன்றவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்ல, "இல்லை அண்ணை, இடது எண்டெல்லோ சொன்னவை" என்று அவர் என்னைத் திருத்தினார். ஓம் ஓம், இடதுதான் என்றேன். அது பொல்லாத பாதை என்று பொதுவாகச் சொல்லிவைக்க, அந்த நனைந்த மரப்படிகளையும், நீ சறுக்கிப்போய் ஒரு வேரில் தடுபட்டு நின்றதையும், உன் சிநேகிதி ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டதையும் அவர் தானே கூட நடந்துபோனவர் மாதிரி விவரித்தார். என் பிள்ளையைப் பற்றி நான் அந்நியனிடம் களவாகத் தெரிந்துகொண்டேன். கடைசியில் எழும்பும்போது அவர் ஆறுதலாகச் சொன்ன வசனம்தான் எல்லாவற்றிலும் மோசம். "நல்ல காலம் அண்ணை, உங்கட தம்பி பக்கத்தில இருந்தது" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள், வெட்டுவதை நிறுத்தவும் இல்லை. "ஓம், எனக்கு அண்டைக்கே தெரியும். சொன்னா நீங்கள் கத்துவீங்கள். பிள்ளைதான் வேண்டாமெண்டவள்" என்றாள். நீ சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். அப்பா, 'நான் அப்பவே சொன்னனான்' என்று தொடங்குவார், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இப்ப இல்லை என்றாயாம். இதிலே எனக்குப் பிறஷர் என்ற சாட்டுகூட இல்லை என்பதைக் கவனி. என் உடம்புக்குப் பயந்து மறைத்திருந்தால் அதையாவது அன்பு என்று எடுத்துக்கொண்டிருப்பேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கமராவை மூடிவிட்டு, தடிமன் பிடித்திருக்கு அப்பா, மூக்கு ஒழுகுது, முகம் வீங்கியிருக்கு, அதுதான் வீடியோவில் வரவில்லை என்றாய். கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடி, தலைக்குத் துணி கட்டு, குளிர்ந்த பால் குடியாதே என்று நான் பெரிய வைத்தியனைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் ஓம் அப்பா, ஓம் அப்பா என்றாய். போனை வைத்த பிறகு நீயும் அம்மாவும் அதைப் பற்றிக் கதைத்தீர்களா, சிரித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும்.

இன்னொன்றையும் கேள். நீ விழுந்த அடுத்த நாள் யூனியன்வில்லில் அனோஜாவின் மகனுக்குப் பிறந்தநாள். பின்வளவில் கோழி வாட்டியது நான். பைலாப் பாட்டுப் போட்டு ஆடச்சொன்னார்கள், ஆடினேன். என் மகள் ஜேர்மனிக்குப் போனபிறகு தகப்பனை மறந்துபோனாள், இண்டைக்கு ஒரு மெசேஜ்கூட இல்லை, வெள்ளைக்கார மாப்பிள்ளை பார்த்துவிட்டாளோ தெரியாது என்று பகிடி வேறு விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்கள். அனோஜா ஏன் திடீரென்று உள்ளே போனாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. அந்த நேரம் உனக்குச் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். நான் ஆடிய வீடியோ இன்றைக்கும் அவர்களுடைய குடும்ப வட்ஸ்அப்பில் கிடக்கிறது.

உன் சித்தப்பா வாகீசனோடு நான் ஏன் கதைப்பதில்லை என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய், பழைய கதை என்று விட்டிருக்கிறேன், இப்போது சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தின வருடம் ஊரில் என் ஐயா செத்துப்போனார். ஸ்ருட்கார்ட்டில் இருந்த வாகீசனுக்கு அன்றைக்கே அறிவித்தார்கள். இங்கே என்னுடைய அகதி வழக்கு விசாரணைக்கு வர இருந்தது, அண்ணைக்கு மனம் குழம்பும் என்று அவன் தானே தீர்மானித்து, ஊராட்களுக்கும் சொல்லிவைத்து, முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்த பிறகுதான் போன் எடுத்தான். மூத்த பிள்ளை நான். போய்க் கொள்ளி வைத்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும், ஆனால் ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்திருக்கலாம், மச்சம் மாமிசம் தொடாமல் இருந்திருக்கலாம். அந்த நாட்களில் நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு சிநேகிதனின் கலியாணத்தில் ஆட்டிறைச்சி சாப்பிட்டு, மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். எங்கள் அல்பத்தில் இடையில் ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதை நீ கண்டிருப்பாய். நல்லதுக்குத்தான் அண்ணை மறைச்சனான் என்று அவன் சொன்னான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வான். அந்த மனிதனுக்குத்தான் நீ மலையிலிருந்து முதல் போன் எடுத்திருக்கிறாய். அவன் காரில் ஓடிவந்து, உறவினர் என்று கையெழுத்து வைத்து, இரண்டு இரவு கதிரையில் இருந்தானாம், மகளே என்று சொதி வைத்துக் கொண்டுவந்தானாம். வரட்டும். நான் அவனுக்கு நன்றி சொல்லப்போவதில்லை. அவன் இருந்த கதிரை என்னுடையது.

சரி, நீ பயந்த வசனத்தையும் எழுதிவிடுகிறேன். நான் அப்பவே சொன்னனான். ஏப்ரலில் நீ போகப்போகிற பாதையின் படத்தை அனுப்பினாய். நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவன், ஒரு மலைகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆல்ப்ஸின் வடக்கு அடிவாரத்தைப் பற்றிச் சோதனை எழுதினவன், சம உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அது கூழாங்கல்லைச் சாந்தில் குழைத்த மாதிரியான பாறை, தண்ணீர் பட்டால் கல் தனியே கழன்று வரும். மே மாதம் மேலே பனி உருகும் காலம், அருவி வடிவாக இருக்கும், அந்த வடிவுக்குக் காரணமான தண்ணீர்தான் பாதையிலும் ஓடும், யூன் முடியட்டும் என்றேன். ஜஸ்ற் எ வோக் அப்பா என்று சொல்லிவிட்டு வைத்தாய். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியையும் நயாகராவுக்குக் கூட்டிப்போய், குளிர்பெட்டியில் ரோல்சும் புளிச்சாதமும் கொண்டுபோய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. கம்பி இல்லாத இடத்தில் எங்கே நிற்பது என்று உனக்கு யார் பழக்கினார்கள்? உன் சப்பாத்து எப்படிப்பட்டது, அடி தேய்ந்ததா என்று கேட்கவாவது எனக்கு ஒரு சந்தர்ப்பம் தந்திருக்கலாம். சச்சிதானந்தனிடம் அதைக் கேட்க முடியவில்லை.

அம்மா அடுத்த மாதம் அங்கே வருகிறாள், அதையும் ரிக்கற் போட்ட பிறகுதான் எனக்குச் சொன்னாள். நான் வரவில்லை. வாகீசன் விமான நிலையத்துக்கு வருவான், அவன் காரில் நான் ஏறமாட்டேன். காலை ஊன்றச் சொல்லும்வரை ஊன்றாதே, படுக்கும்போது தலையணையில் உயர்த்திவை, மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. கால் சரியானதும் நீ திரும்பவும் அந்த அருவிக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும், உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும், அதனால் போகாதே என்று எழுதி இந்தத் தாளை வீணாக்கவில்லை. அடுத்த வருடம் அந்தத் தட்டைக் கழற்றுவார்களாம். அந்தத் திகதியை எனக்குச் சொல்ல வேண்டியவள் நீ. அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால், வாகீசனுக்குச் சொல்வதற்கு முன்னால். நான் கத்துவேன், அதில் சந்தேகம் வேண்டாம். கத்தி முடியும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிரு, வைத்துவிடாதே. முடிந்த பிறகு எந்தக் கால் என்று கேட்பேன், நீ உன் வாயால் சொல்.

நல்லூர்க் கந்தன் உன்னைத் துணையாயிருந்து காக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததற்குப் பதில் அம்மா மூலம் வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. இரத்தினவேல்